பழைய புல்லட்டின் ஒயரிங்: அறுத்துப் போடாமல் அசல்படி மீட்பது



நம் மஹல்லாவில் பல வீட்டு நடையில் தார்ப்பாய் போர்த்திய பழைய புல்லட் ஒன்று நிற்கிறது. அத்தா ஓட்டியது, மாமா வெளிநாடு போகும்போது விட்டுச் சென்றது, யாரோ கடனுக்கு ஈடாகக் கொடுத்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். இன்ஜின் வேலைக்கு ஆள் கிடைக்கிறார்கள். பெயின்டுக்கும் நிக்கலுக்கும் கிடைக்கிறார்கள். ஒயரிங் என்று வந்தவுடன் மட்டும், "எல்லாத்தையும் அறுத்துப் போட்டுட்டு 12 வோல்ட் கிட் மாட்டிடலாம் பாய்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அப்படி அறுக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. பிளஸ் டூ முடித்துவிட்டு என்ன தொழில் கற்பது என்று யோசிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது கைகொடுக்கும் வேலையும்கூட. பழைய வண்டியின் ஒயரிங்கைப் படித்து, அதே வழியில் மறுபடி கட்டத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஒருவர்கூட இல்லை என்பதே இன்றைய நிலை.

ரெட்டிச்சில் இருந்த இங்கிலாந்து கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. அதனால் நம் ஊர் புல்லட்டின் மின்சார அமைப்பு 1950-களின் இங்கிலாந்து யோசனைப்படி அமைந்தது. 6 வோல்ட் பேட்டரி, இன்ஜினின் இடப்பக்கச் செயின் கேஸுக்குள் ஆல்டர்னேட்டர், அதன் மின்சாரத்தை டிசி ஆக்க ஒரு ரெக்டிபையர், ஹெட்லைட் தலையில் ஒரு ஆம்பியர் மீட்டர். இவ்வளவுதான். ஒரு முழு வண்டியின் ஒயரிங்கை நோட்டுப் புத்தகத்தின் ஒரே பக்கத்தில் வரைந்துவிடலாம்.

6 வோல்ட் மேல் போடும் பழி

"ஆறு வோல்ட்டு, மெழுகுவத்தி மாதிரி எரியும்" என்று சொல்லாதவர் கிடையாது. இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எட்டாம் வகுப்பு அறிவியல் போதும்.

6 வோல்ட்டில் எரியும் 30 வாட் ஹெட்லைட் பல்பு 5 ஆம்பியர் இழுக்கும். எரியும் நிலையில் அதன் மின்தடை 1.2 ஓம். இப்போது துருப்பிடித்த ஜாயின்ட், கறுத்துப்போன சுவிட்ச், பெயின்டுக்கு மேல் முடுக்கிய எர்த் எல்லாம் சேர்ந்து 0.3 ஓம் தடையை வழியில் வைத்துவிட்டன என்று கொள்வோம். மொத்தத் தடை 1.5 ஓம், ஓடும் மின்சாரம் 4 ஆம்பியர், பல்புக்குக் கிடைப்பது 4.8 வோல்ட். ஐந்தில் ஒரு பங்குதானே குறைந்தது என்று தோன்றும். ஆனால் இழை பல்பின் வெளிச்சம் வோல்டேஜைவிடப் பல மடங்கு வேகமாக விழும். 4.8 வோல்ட்டில் அது பாதி வெளிச்சம்கூடக் கொடுக்காது. அதே 0.3 ஓம் கோளாறு 12 வோல்ட் வண்டியில் இருந்தால், 30 வாட் பல்புக்கு 11.3 வோல்ட் போய்ச் சேரும், வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் குறையும்.

ஆக 12 வோல்ட் மாற்றம் கோளாறைச் சரிசெய்வதில்லை, மறைக்கிறது. கோளாறு இருப்பதோ ஜாயின்டுகளில். நல்ல செம்பு ஒயர் ஒரு சதுர மில்லிமீட்டர் கனத்தில், ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.02 ஓம்கூட வராது. எனவே ஒயரின் நீளத்தைக் குறை சொல்லி லாபமில்லை. அது சேருமிடங்களில்தான் வெளிச்சம் களவு போகிறது. 12 வோல்ட்டுக்கு மாற்றுவது தவறு என்று நான் சொல்லவில்லை. தினமும் இரவில் நெடுஞ்சாலையில் ஓட்டுபவர் மாற்றிக்கொள்ளட்டும். ஆனால் பழையதைப் பரிசோதித்துப் பார்த்த பிறகு மாற்றட்டும்.

அவிழ்க்கும் முன்

முதலில் பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றுங்கள், பிறகு மற்றது. பெட்ரோல் டேங்கை இறக்கித் தூர வையுங்கள். டேங்குக்கு அடியில்தான் ஒயரிங் கிட்டின் முதுகெலும்பு ஓடுகிறது.

எது எர்த் என்பதிலேயே பலர் இடறுகிறார்கள். இன்றைய வண்டிகளில் நெகட்டிவ் எர்த். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பெரும்பாலும் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ் முனை சட்டத்தில் முடுக்கியிருக்கும். கார் பேட்டரி மாட்டிப் பழகிய கையோடு பேட்டரியைத் திருப்பி மாட்டினால் ரெக்டிபையர் போய்விடும். லூகாஸ் வண்ண முறையில் வந்த பாசிட்டிவ் எர்த் மோட்டார் சைக்கிள்களில் சிவப்பு ஒயர்தான் எர்த். சிவப்பைப் பார்த்ததும் லைவ் என்று நினைக்கும் பையன் அங்கே முதல் நாளே ஷார்ட் செய்வான். அந்த முறையில் இக்னிஷன் சுவிட்சிலிருந்து காயிலுக்குப் போவது வெள்ளை. காயிலிலிருந்து பாயிண்டுக்குப் போவது வெள்ளையும் கறுப்பும் கலந்தது. டிம் சுவிட்சுக்கு வருவது நீலம். அங்கிருந்து நீலம்-வெள்ளை ஹைபீமுக்கும், நீலம்-சிவப்பு லோபீமுக்கும் பிரியும். ஆண்டுக்கு ஆண்டு நிறங்களில் மாற்றம் உண்டு. அந்த ஆண்டின் மேனுவலில் இருக்கும் படம்தான் தீர்ப்பு. படத்தைப் பெரிதாக நகலெடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஒரு ஒயரை அவிழ்ப்பதற்கு முன் போட்டோ எடுங்கள். பிறகு மாஸ்கிங் டேப்பில் எண் எழுதி ஒட்டி, அதே எண்ணைப் படத்திலும் குறியுங்கள். நாற்பது ஆண்டில் நாலு மெக்கானிக் கை பட்ட வண்டியில் படத்துக்கும் வண்டிக்கும் பொருத்தம் இருக்காது. ஹாரனுக்காக ஒருவர் இழுத்த மஞ்சள் ஒயர், இண்டிகேட்டருக்காக இன்னொருவர் சுற்றிய பச்சை ஒயர் என்று உள்ளே ஒரு கூட்டமே குடியிருக்கும். எது கம்பெனியில் பிறந்தது, எது வழியில் வந்து ஒட்டியது என்று பிரிப்பதே இந்த வேலையில் பாதி. டேப் எத்தனை அடுக்கு என்பதும் சாட்சி சொல்லும். கம்பெனி ஒயர் எப்போதும் அடி அடுக்கில் இருக்கும்.

கழற்றிய பழைய கிட்டைத் தயவுசெய்து காயலான் கடைக்கு அனுப்பாதீர்கள். அதுதான் உங்கள் அளவுச் சட்டம்.

மூன்று ஒயர் ரகசியம்

அறுத்துப் போடுபவர்கள் அதிகம் கெடுப்பது சார்ஜிங்கைத்தான். அதனால் இதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

லூகாஸின் பழைய 6 வோல்ட் ஆல்டர்னேட்டர் முறையில் வோல்டேஜை அடக்கும் ரெகுலேட்டர் என்று தனியாக எதுவும் கிடையாது. ஸ்டேட்டரில் ஆறு காயில்கள், இரண்டிரண்டாக மூன்று ஜோடி. அவற்றிலிருந்து மூன்று ஒயர் வெளியே வரும். விளக்கு அணைந்திருக்கும்போது காயில்களின் ஒரு பகுதி மட்டும் பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும். ஹெட்லைட் போட்டால் எல்லாக் காயில்களும் சேர்ந்து வேலை செய்யும். இந்த மாற்றத்தைச் செய்வது யார்? ஹெட்லைட் சுவிட்ச்தான். வெளியே பார்த்தால் விளக்குச் சுவிட்ச், உள்ளே அதுவே சார்ஜிங் வாட்ச்மேன்.

அந்தச் சுவிட்ச் கெட்டுப்போய், கடையில் கிடைத்த சாதாரணச் சுவிட்சை மாட்டினால் என்ன ஆகும்? சேர்க்கும் விதத்தைப் பொறுத்து இரண்டில் ஒன்று நடக்கும். எல்லாக் காயில்களும் பகல் முழுதும் சார்ஜ் செய்து பேட்டரித் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். இல்லையேல் ஒரு ஜோடி மட்டும் வேலை செய்து, இரவில் பத்து கிலோமீட்டருக்குள் பேட்டரி இறங்கிவிடும். "இந்த வண்டி மாதம் ஒரு பேட்டரி சாப்பிடுது" என்று சொல்பவர்கள் முதலில் அந்தச் சுவிட்சைத் திறந்து பார்க்கட்டும். உங்கள் வண்டியின் ஆல்டர்னேட்டரிலிருந்து மூன்று ஒயர் வந்தால், அசல் படத்தை விட்டு ஓர் அங்குலம்கூட விலகாதீர்கள்.

ஆல்டர்னேட்டர் ஒயர்கள் செயின் கேஸிலிருந்து வெளியே வரும் இடத்தையும் பாருங்கள். எண்ணெயிலும் சூட்டிலும் கிடந்து அங்கே உறை காய்ந்த சருகு போல நொறுங்கும். சில வண்டிகளில் செயின் உரசிச் செம்பு தெரியும். ஸ்டேட்டரைக் கழற்றி மாட்டினால் ரோட்டருக்கும் அதற்கும் நடுவே 0.2 மில்லிமீட்டர் பீலர் கேஜ் சுற்றிலும் தடையில்லாமல் போய்வர வேண்டும்.

பழைய ரெக்டிபையர் செலினியம் தகடுகளை அடுக்கிச் செய்தது. அதைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்தும்போது போல்ட்டின் தலையையும் ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். தகடுகள் சுழன்றால் உள் இணைப்பு போய்விடும். அது கருகினால் வரும் அழுகல் நாற்றமுள்ள புகை நஞ்சு, முகர வேண்டாம். போய்விட்டது என்று உறுதியானால் சிலிக்கான் பிரிட்ஜ் ஒன்றை வாங்கி மாட்டலாம், விலை அதிகமில்லை. பழையதை அதன் இடத்திலேயே தோற்றத்துக்கு விட்டு, புதியதைக் கண்ணுக்குத் தெரியாமல் வைப்பவர்கள் உண்டு. எனக்கு அது உடன்பாடுதான்.

கிட்டைக் கட்டுவது

பழைய ஒயரின் நுனியில் உறையை ஓர் அங்குலம் சீவுங்கள். செம்பு பளபளவென்றிருந்தால் அந்த ஒயர் பிழைக்கும். கறுத்திருந்தால் இன்னும் கொஞ்சம் சீவிப் பாருங்கள். நாலு விரற்கடை தாண்டியும் கறுப்பே வந்தால் அந்த ஒயர் முழுவதையும் மாற்ற வேண்டும். கறுத்த செம்பில் ஈயம் பிடிக்காது. பிடித்தது போல் காட்டிவிட்டு மழைக்காலத்தில் விட்டுவிடும்.

புதிய ஒயரைக் கனம் பார்த்து வாங்குங்கள். 0.30 மில்லிமீட்டர் இழைகள் 14 கொண்ட ஒயர் ஒரு சதுர மில்லிமீட்டர், 8.75 ஆம்பியர் தாங்கும். 28 இழை கொண்டது 17.5 ஆம்பியர் தாங்கும். ஹாரன் பட்டனுக்கும் டெயில் லைட்டுக்கும் முதல் வகை போதும். பேட்டரி, ஆம்பியர் மீட்டர், இக்னிஷன் சுவிட்ச் வழியாக ஓடும் முக்கிய ஒயருக்கு இரண்டாவது வகை. வீட்டு ஒயரிங்கில் மீந்துபோன கெட்டி ஒற்றைக் கம்பி வேண்டவே வேண்டாம். வண்டியின் அதிர்வில் அது ஒடிந்துவிடும்.

ஒரு பலகையில் பழைய கிட்டை விரித்து, திருப்பங்களிலும் கிளைகளிலும் ஆணி அடியுங்கள். பழையதை எடுத்துவிட்டு அதே ஆணிகளின் வழியாகப் புதிய ஒயர்களை ஓட விடுங்கள். நிறத்துக்கு நிறம், கிளைக்குக் கிளை. நீலம் கிடைக்கவில்லை என்று பச்சையைப் போடாதீர்கள். இன்றைக்கு உங்களுக்கு நினைவிருக்கும். பத்து ஆண்டு கழித்து மழையில் சாலையோரம் நின்று டார்ச் வெளிச்சத்தில் திறந்து பார்ப்பவனுக்கு நிறத்தைத் தவிர வேறு வழிகாட்டி கிடையாது.

நுனிகளில் வரும் பித்தளைக் குண்டு கனெக்டருக்கும் புல்லட் என்றுதான் பெயர். அதைக் கிரிம்ப் செய்து துளி ஈயம் வைத்தாலே போதும். ஈயம் ஒயருக்குள் வெகுதூரம் ஏறிவிட்டால் அந்த இடம் விறைத்து, அதன் எல்லையில் ஒடியும். பழைய குழல்களைச் சுரண்டி மறுபடி பயன்படுத்த வேண்டாம். வெளியே ரப்பர் நன்றாக இருந்தாலும் உள்ளே பித்தளை தளர்ந்திருக்கும். மேல் சுற்றுக்கு ஒட்டாத பிவிசி டேப் கிடைக்கும், அதையே கேட்டு வாங்குங்கள். ஒட்டும் கறுப்பு டேப் இன்ஜின் சூட்டில் உருகிக் கையில் பிசுபிசுக்கும், தூசியைச் சேர்க்கும்.

வண்டியில் படுக்க வைத்ததும் ஹேண்டில்பாரை இடக்கோடி வரையிலும் வலக்கோடி வரையிலும் திருப்புங்கள். ஸ்டீயரிங் தலைப்பக்கம் ஒயர் இழுபடவும் கூடாது, சட்டத்துக்கும் ஸ்டாப்பருக்கும் நடுவே நசுங்கவும் கூடாது. பழைய வண்டிகளில் ஷார்ட் ஆகும் முதல் இடம் அதுதான்.

எர்த்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். புதுசாகப் பவுடர் கோட்டிங் செய்த சட்டத்தில் எர்த் போல்ட்டை முடுக்கிவிட்டு, விளக்கு எரியவில்லை என்று காயிலை மாற்றுபவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பூச்சு மின்சாரத்துக்குச் சுவர். போல்ட் உட்காரும் இடத்தில் உப்புத்தாளால் உலோகம் தெரியும் வரை தேய்த்து, முடுக்கிய பிறகு மேலே துளி கிரீஸ் தடவுங்கள். ஹெட்லைட்டின் எர்த் ஸ்டீயரிங் பேரிங் வழியாகப் போகும்படி விட்டிருந்தால், கிரீஸில் மிதக்கும் குண்டுகளை நம்பி வெளிச்சம் நிற்கிறது என்று பொருள். விளக்கிலிருந்து இன்ஜினுக்கு ஒரு தனி எர்த் ஒயர் ஓட்டிவிடுங்கள். அசல் படத்தில் இல்லைதான். ஆனால் கிட்டுக்குள் மறைந்து ஓடும் ஓர் ஒயர் வண்டியின் அசலைக் கெடுத்துவிடாது.

பியூஸ் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பேட்டரியின் லைவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 15 ஆம்பியர் பியூஸ் ஒன்று இருந்தே ஆக வேண்டும். பழைய வண்டியில் அது இல்லாமலே வந்திருந்தாலும் வையுங்கள். அறுந்த பியூஸுக்குப் பதிலாகச் செம்பு இழையைச் சுற்றுவதும், சிகரெட் தாளின் ஈயப் படலத்தைச் செருகுவதும் நம் பட்டறைகளில் இன்னும் நடக்கிறது. பியூஸ் இல்லாத இடத்தில் ஷார்ட் ஆனால் ஒயரே பியூஸாகிச் சிவந்து எரியும். அதற்கு நேர் மேலே இருப்பது பெட்ரோல் டேங்க். வண்டி நிற்பதோ பெரும்பாலும் வீட்டு நடையில், பிள்ளைகள் தூங்கும் அறைக்கு வெளியே.

ஈரத்தை அடியில் வைப்பது

தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்ற நபி (ஸல்) அவர்கள் அதனுள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டதும், மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னபோது, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு மோசடியைக் கண்டித்ததும் நாம் ஜும்ஆ பயான்களில் கேட்டிருக்கிறோம். ஒயரிங் என்பது முழுக்க முழுக்க அடியில் இருக்கும் சரக்கு. கறுத்த ஒயருக்கு மேல் புது டேப்பைச் சுற்றிவிட்டு, "புல் ஒயரிங் மாத்தியாச்சு" என்று பில் போட்டால் கண்டுபிடிக்க யாருமில்லை. விற்கும் வண்டிக்கு ஒரு கேன் ஸ்பிரே பெயின்டும் பத்து ரூபாய் டேப்பும் போட்டு மினுக்குவதும் அப்படித்தான். வாங்குபவர் பாலிஷைப் பார்ப்பார், டேங்கை இறக்கிப் பார்க்க மாட்டார். எனவே இந்தத் தொழிலைக் கற்கும் பிள்ளைகள் முதல் நாளிலிருந்தே ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். எதை மாற்றினோம், எதை மாற்றவில்லை என்று பில்லிலேயே எழுதுங்கள். கழற்றிய பழைய சாமான் வாடிக்கையாளரின் அமானிதம், அதைப் பையில் போட்டு அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. வாப்பா வஃபாத்தான பிறகு அந்த புல்லட் மூத்த மகனுக்கு என்று தானாகவே ஆகிவிடாது. அதுவும் விட்டுச்சென்ற சொத்து. பிள்ளைகள் இருக்கும்போது உம்மாவுக்கு எட்டில் ஒரு பங்கு, சகோதரிகளுக்கு ஆளுக்குச் சகோதரன் பங்கில் பாதி என்று அதிலும் உரிமை உண்டு. பழைய புல்லட்டுக்கு இன்று நல்ல விலை இருக்கிறது. ரிப்பேருக்குப் பணம் இறக்கும் முன்பே, ஓடாத நிலையில் இருக்கும் விலையை மதிப்பிட்டு, எல்லோரிடமும் பேசி முடித்துவிடுவது நல்லது. வண்டி மின்னிய பிறகு பேசினால், செலவுக் கணக்கும் பங்குக் கணக்கும் பிணைந்து மனக்கசப்பில் முடியும். ஆர்.சி. விஷயமும் உண்டு. உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் பெயர் மாற்றம் கேட்க வேண்டும் என்பது விதி.

ஓட்டிப் பார்க்கும் முன்

பேட்டரியை மாட்டும் முன், லைவ் முனைக்கும் அதன் ஒயருக்கும் நடுவே ஒரு டெஸ்ட் லேம்பைக் கோத்துப் பாருங்கள். எல்லாச் சுவிட்சும் அணைந்திருக்கும்போது அது எரிந்தால் எங்கோ ஷார்ட். எரியவில்லை என்றால் பேட்டரியை மாட்டி, ஹெட்லைட்டைப் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் லைவ் முனையிலும் மறுமுனையை பல்பின் லைவ் முனையிலும் வையுங்கள். மீட்டர் காட்டுவது வழியில் தொலைந்த வோல்டேஜ். பிறகு பேட்டரியின் எர்த் முனைக்கும் பல்பு ஹோல்டரின் உடலுக்கும் நடுவே அதேபோல் பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் 0.2, 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் வேலை சுத்தம். அதற்கு மேல் போனால் ஜாயின்ட் ஜாயின்டாக மீட்டரை நகர்த்தி வாருங்கள், திருடன் அகப்படுவான்.

இன்ஜின் ஓடாமல் ஹெட்லைட் எரியும்போது ஆம்பியர் மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாய வேண்டும். பிளஸ் பக்கம் சாய்ந்தால் மீட்டரின் இரண்டு ஒயர்களை மாற்றி மாட்டியிருக்கிறீர்கள். மஃரிப் தொழுத பிறகு வண்டியை வெளியே எடுங்கள். ஹெட்லைட் போட்டு, டாப் கியரில் மிதமான வேகத்தில் போகும்போது முள் நடுவிலோ சற்றே பிளஸ் பக்கமோ நின்றால் சார்ஜிங் சரி. ஒரு வாரம் கழித்து ஒவ்வொரு கனெக்டரையும் விரலால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருப்பதை மட்டும் மறுபடி செய்யுங்கள். எண் குறித்த அந்தப் படத்தின் ஒரு நகலைப் பாலிதீன் உறையில் போட்டு டூல் பாக்ஸ் மூடிக்குள் வைத்துவிடுங்கள், அடுத்துத் திறப்பவருக்கு அது வேண்டியிருக்கும்.